பாலுக்கு ஒரு லாரி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்து ஜனம் முழுவதையும் ஆபீஸ் வாசலில் கூட்டி உட்காரவைத்திருந்தார்கள். நாற்காலியில் இருந்தவர் துரை ஒருவர்தான். அவருக்குப் பக்கத்தில் டிரசர் ஸ்டானிஸ்லாஸ் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டை, மீன், பச்சைப்பயறு, கீரைக்கட்டு என்று அட்டை நிறைய வண்ணப் படங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் அவர்தான். ஜொகூர்பாருவில் பிறந்து, பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. இங்கே வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

"இந்த மாசம் மட்டும் ஒம்பது பொம்பளைங்க ஆஸ்பத்திரியில படுத்துட்டாங்க. எல்லாருக்கும் ஒரே சீக்கு. ஒடம்புல ரத்தமில்ல. ஏன்னு தெரியுமா? சாப்பிடத் தெரியல. காலையில வரக்கோப்பியும் ரெண்டு ரொட்டியும் தின்னுட்டு வேலைக்குப் போனா ஒடம்பு தாங்குமா? இது நம்ம ஜனங்ககிட்ட இருக்கிற கெட்ட பழக்கம். சோம்பல் படாம எழுந்து சமைக்கணும். நெதானமா ஒக்காந்து, நல்லா மென்னு சாப்பிடணும்."

சீனன் கடை பிஸ்கட்டைத்தான் அவர்கள் ரொட்டி என்பார்கள். டிரசர் ரொட்டியைச் சொன்னதில் பேச்சியம்மாளுக்குக் கோபமில்லை. உள்ளதைத்தானே சொன்னார். ஆனால் 'சோம்பல்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்த புருஷன் காளியப்பன் அதைக் கவனித்துவிட்டு, "வேணாம், ஒக்காரு" என்று அவள் முந்தானையைப் பிடித்தான். முந்தானை அவன் கையில் நின்றது. அவள் எழுந்துவிட்டாள்.

"டிரசர் ஐயா, ஒரு வார்த்த கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"நெதானமா மென்னு சாப்பிடணும்னீங்களே, எத்தன மணிக்கு?"

"காலையிலதான். ஆறு, ஆறரை மணிக்கு."

"ஆறரைக்கு நான் நாலாம் டிவிசன்ல மரத்தடியில நிக்கிறேன். உளியக் கடிச்சுத் திங்கவா?"

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. கங்காணி அய்யாவு திரும்பி முறைத்தார். பேச்சியம்மாள் நிறுத்தவில்லை.

"நீங்க படிச்சவங்க. நாங்க சோம்பேறிங்கன்னே வெச்சுக்குவோம். நாளைக்கு ஒரு நாள் எங்களோட வாங்க. நாங்க நடக்கிறப்ப நடங்க, நிக்கிறப்ப நில்லுங்க. எந்த நேரத்துல ஒக்காந்து மெல்லுறதுன்னு நீங்களே காட்டிக் குடுத்துட்டுப் போங்க. அதுக்கப்புறம் சோம்பேறின்னு சொல்லுங்க, கைகட்டிக் கேட்டுக்கறேன்."

துரை கங்காணியைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அய்யாவு கொஞ்சமும் கூசாமல் மலாயில், "டிரசர் சொன்னதுக்கு ரொம்ப நன்றி சொல்றா, தொரை" என்றார். துரை திருப்தியாகத் தலையாட்டினார்.

டிரசருக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது. அட்டையைக் கீழே இறக்கினார். "வரேன்" என்றார்.

*

ஜொகூர்ப் பக்கம் பாலோ என்ற டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில் நாலு டிவிசன். பேச்சியம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்ததே நாலாம் டிவிசனுக்குத்தான். அங்கே லயத்து வீடுகளுக்குப் பின்னாலேயே ரப்பர் மரங்கள் தொடங்கிவிடும். விடிந்ததும் மரம் வெட்ட, அதாவது பால் வடியப் பட்டையைக் கீறப் போவார்கள். வெட்டி முடித்தால் பால் சொட்டி நிறைய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் பெண்கள் வீட்டுக்கு ஓடிவந்து உலையை இறக்கிவிடுவார்கள். சுடுசோறு, கருவாட்டுக் குழம்பு, கொல்லையில் பறித்த முருங்கைக் கீரை. பிள்ளைக்கு ஊட்டி, தானும் தின்று, கை கழுவிக்கொண்டு பால் எடுக்கப் போவார்கள். பசியாறுவது என்றால் அங்கே அதுதான்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் ஆள் குறைந்தது. குறைந்த ஆளுக்கு இரண்டு இடத்தில் லயம் எதற்கு, இரண்டு இடத்தில் தண்ணீர்க் குழாய் எதற்கு என்று கம்பெனி கணக்குப் போட்டது. நாலாம் டிவிசன் லயத்தைப் பூட்டி, எல்லாரையும் பெரிய லயத்துக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். ஜனத்தைக் கொண்டுவரலாம், மரத்தைக் கொண்டுவர முடியுமா? மரம் அங்கேயேதான் நின்றது. நடுவில் நாலு கட்டை தூரம். கட்டை என்றால் மைல். நாலு மைல் காலையில் போக, நாலு மைல் மத்தியானம் வர.

நாலரைக்கு ஆபீஸ் வாசலில் பெரட்டு, அதாவது பேர் கூப்பிடுவது. அதற்கு மூன்றரைக்கு எழுந்தால்தான் உண்டு. எழுந்ததும் விறகு ஈரமாக இருக்கும், பிள்ளை அழும், தண்ணீர்க் குழாயில் வரிசை நிற்கும். உலை கொதிக்குமுன் பெரட்டு மணி அடித்துவிடும். ஆகவே வரக்கோப்பி, அதில் தொட்டுக்கொள்ள ரொட்டி. முந்தின நாள் சோற்றைக் கட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. காட்டில் போய்த் திறந்தால் நூல் விட்டிருக்கும். நீர் ஊற்றின பழையசோற்றைக் கொண்டுபோகலாம் என்றால், இரண்டு வாளியும் காவடிக் கம்புமாக நாலு கட்டை நடப்பவள் எந்தக் கையில் பானையைப் பிடிப்பாள்? அப்படியும் ஒருத்தி கொண்டுபோனாள். அவள் தின்ன உட்கார்ந்தபோது கங்காணி வந்துவிட்டார். நடந்து வருவதால் வெட்டு பிந்துகிறது, அதனால் பால் சொட்டும் நேரத்தில் யாரும் சும்மா உட்காரக் கூடாது, புல் பிடுங்க வேண்டும் என்பது துரையின் புது உத்தரவு.

பிறகு வீடு வந்து சேர மூன்று மணி. அப்போது தின்பதைத் தின்பது என்று சொல்ல முடியாது. பேச்சியம்மாள் சட்டியில் கையை விட்டால் சட்டி காலியாகும்வரை எடுக்க மாட்டாள். தின்று முடித்ததும் வயிறு கல்லாகி நோகும். அப்படியே சுருண்டு படுப்பாள். மகள் புஷ்பவள்ளிக்கு ஐந்து வயது. வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயக்கொட்டகையில் ஆயா அவளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் கோப்பியில் ஊறின ரொட்டியையே கொடுத்துப் பழக்கிவிட்டாள். இப்போது சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோனால் புஷ்பவள்ளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இதைத்தான் டிரசர் கெட்ட பழக்கம் என்றார்.

*

சொன்னபடி டிரசர் வந்துவிட்டார். காக்கிக் கால்சட்டை, கான்வாஸ் சப்பாத்து, கையில் ஒரு சின்னத் தகர டப்பா. பெரட்டில் முப்பத்திரண்டு பெண்களோடு அவரும் நின்றார். கங்காணி அய்யாவுக்கு அவரை எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. "ஐயா, நீங்க மெதுவா பொழுது விடிஞ்சு சைக்கிள்ல வரலாமே" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"அவங்க சைக்கிள்லயா போறாங்க?" என்றார் டிரசர்.

முதல் கட்டை வரை அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தார். இரண்டாம் கட்டையில் பேச்சு நின்றது. மூன்றாம் கட்டையில் சப்பாத்துக்குள் சேறு புகுந்து சளக் சளக்கென்றது. பேச்சியம்மாளுக்கு முன்னால் அவள் நாத்தனார் வெள்ளையம்மா நடந்தாள். இருபத்திரண்டு வயசுப் பெண். இரண்டு மாதமாகவே மாடு அசை போடுவதுபோல் எதையாவது வாயில் அடக்கிக்கொண்டு நடக்கும் வழக்கம் அவளுக்கு வந்திருந்தது. பச்சை அரிசி. பசி தெரியாமல் இருக்கவாம்.

"அரிசி தின்னாத, ரத்தம் சுண்டிப்போகும்னு எத்தன தடவ சொல்றது?" என்றாள் பேச்சியம்மாள்.

"வேற என்னா இருக்கு அண்ணி மெல்ல?"

டிரசர் அதைக் கேட்டார். 

ஆறு மணிக்கு வெட்டு ஆரம்பித்தது. பேச்சியம்மாள் மரத்துக்கு மரம் ஓடினாள். உளியைப் பட்டையில் வைத்து ஒரு இழுப்பு, பால் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணத்தைத் திருப்பி வைத்தல், அடுத்த மரம். டிரசர் பின்னாலேயே வந்தார். ஏழரை இருக்கும், அவருக்குக் கண் பஞ்சடைந்தது. தகர டப்பாவைத் திறந்தார். வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டும் அவித்த முட்டையும் இருந்தன. கையில் எடுத்தவர் சுற்றிலும் பார்த்தார்.

"நீங்க சாப்பிடுங்கையா. ஒங்களுக்குத் தடையில்ல. இதுங்கதான் வேலை நேரத்துல திங்கக் கூடாது" என்றார் கங்காணி.

பேச்சியம்மாள் உளியை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். டிரசர் சாப்பிட்டார். மரத்தைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டு, முட்டையை முழுசாக வாயில் போட்டு, மெல்லாமலே விழுங்கினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேச்சியம்மாள் விடவில்லை.

"ஐயா, நெதானமா மென்னு."

அவர் திரும்பவே இல்லை.

வெட்டு முடிந்து, புல்லும் பிடுங்கி, பால் எடுக்கும்போது வெயில் ஏறியிருந்தது. இரண்டு வாளி நிறையப் பாலைக் கம்பில் கோத்துத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறின வெள்ளையம்மா பாதி மேட்டில் நின்றாள். ஏதோ சொல்ல வருவதுபோல் வாயைத் திறந்தாள். அடுத்த நிமிஷம் கம்பு ஒருபக்கம், வாளி ஒருபக்கம், அவள் ஒருபக்கம். செம்மண்ணில் பால் வெள்ளையாக ஓடிற்று.

ஓடிவந்த கங்காணி முதலில் வாளியை நிமிர்த்தினார்.

அதைப் பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள். தன் வாளிகளை இறக்கிவைத்துவிட்டு வந்து, கங்காணி கையிலிருந்த வாளியைப் பிடுங்கினாள். உள்ளே மிச்சமிருந்த பாலையும் அவர் கால் அருகிலேயே கொட்டினாள்.

"கங்காணியாரே, வாளிக்கு மூச்சு இருக்கான்னு பாத்தீங்களா? கீழ கெடக்காளே, அவளுக்கு இருக்கான்னு பாருங்க!"

டிரசர் அதற்குள் மண்டியிட்டு வெள்ளையம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். ஒடனே" என்றார். 

அப்போதுதான் பால் ஏற்றும் லாரி மேட்டில் வந்து நின்றது. தினமும் லாரி காலையிலேயே காலியாக டிவிசனுக்கு வந்து நிற்கும், இந்த நேரத்துக்கு மேட்டில் பாலை ஏற்றிக்கொண்டு பெரிய லயத்துப் பக்கமிருக்கும் ஸ்டோருக்குப் போகும். தாமதமானால் பால் உறைந்து கெட்டுவிடுமாம். ஓட்டுகிற மூர்த்தி டவுன் பையன். வெள்ளையம்மாவைப் பெண்கள் தூக்கிவருவதைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அலமாக்! ஆள் ஏத்தக் கூடாதுன்னு தொரை உத்தரவு. என் வேல போயிரும்."

"நான் சொல்றேன், ஏத்து" என்றார் டிரசர்.

வெள்ளையம்மாவைப் பின்பக்கம் கிடத்தினார்கள். பேச்சியம்மாள் லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற லாரிதான். காலையில் காலியாக இதே பாதையில் வருகிறது. மத்தியானம் இதே பாதையில் திரும்புகிறது. அவள் நடக்கிற பாதை. அந்த யோசனை இத்தனை நாள் எப்படித் தனக்கு வரவில்லை என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏண்டி, பாலு கெட்டுப்போகக் கூடாதுன்னு அதுக்கு லாரி. பாலெடுக்கிறவ கெட்டுப்போனா பரவாயில்லன்னு நமக்குக் கால்நடையா?" என்று உரக்கக் கேட்டாள். "ஏறுங்கடி எல்லாரும்!"

முதலில் ஒருத்தியும் அசையவில்லை. பேச்சியம்மாள் ஏறி வெள்ளையம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒருத்தி ஏறினாள். பிறகு மற்றவர்கள். இடமில்லாதவர்கள் பக்கப் பலகையைத் தொற்றிக்கொண்டு நின்றார்கள். பால் பீப்பாய்கள் கீழேயே நின்றன. "பாலு, பாலு!" என்று கங்காணி கத்தினார்.

"அது நடந்து வரட்டும்" என்றாள் பேச்சியம்மாள்.

மூர்த்தி டிரசரைப் பார்த்தான். டிரசர் முன்பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். லாரி கிளம்பியது. நாலு கட்டை தூரம். கால் மணிகூட ஆகவில்லை.

*

துரை ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார். வெள்ளையம்மாவை ஆஸ்பத்திரிக்குள் தூக்கிப்போன பிறகு பெண்கள் அங்கேயே கூட்டமாக நின்றார்கள்.

"என்னா இது? லாரி யாருக்கு? பாலுக்கு லாரி! யார் ஏறச் சொன்னான்?" அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி அதட்டலுக்கு மட்டும்தான் பயன்படும்.

ஸ்டோரில் வேலை பார்க்கும் காளியப்பன் அதன் வாசலில் நின்று கண்ணாலேயே கெஞ்சினான். பேச்சியம்மாள் அவன் பக்கம் பார்க்காமல் முன்னால் வந்தாள்.

"நான்தான் ஏறச் சொன்னேன் தொரை. லயத்தப் பூட்டினது நாங்க இல்ல. நாலு கட்டைய நடுவுல வெச்சதும் நாங்க இல்ல. காலையில லாரி காலியாத்தான போவுது, அதுல எங்களக் கொண்டுபோய் விடுங்க. மிஞ்சுற ஒரு மணி நேரத்துல ஒல வெச்சுப் பசியாறிட்டு வரோம்."

துரை டிரசரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இவர் தன் பக்கம் பேசுவார் என்ற நிச்சயம் அந்தக் குரலில் இருந்தது. டிரசர் பதில் சொன்னார். முதலில் தணிந்து ஆரம்பித்தார், போகப் போகக் குரல் உயர்ந்தது. பேச்சியம்மாளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அவர் சேறு படிந்த தன் சப்பாத்தைக் காட்டினார், சாலையைக் காட்டினார், தன் வயிற்றையும் தொட்டுக் காட்டினார். துரையின் கழுத்து நரம்பு புடைத்தது. விருட்டென்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பெரட்டில் கங்காணி உத்தரவைப் படித்தார். நாளையிலிருந்து காலையில் லாரி உண்டு. பெண்கள் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அய்யாவு கையைத் தூக்கினார். இன்னும் முடியவில்லை. பெரட்டு அதே நாலரைக்குத்தான். லாரி ஐந்துக்குக் கிளம்பும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டை ஆரம்பிக்க வேண்டும். நடக்கிற நேரம் மிச்சமாவதால் ஆளுக்கு அறுபது மரம் கூட.

 பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கோபத்தில் வருகிற சிரிப்பு. மிஞ்சின நேரத்தையும் மரத்துக்கே எழுதிவிட்டார்கள்! அன்றைக்கு நாலு கட்டையும் நடந்துகொண்டே அவள் ஒவ்வொருத்தியிடமும் பேசினாள். ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நாளைக்கு ஒல கொதிக்காம யாரும் வீட்ட விட்டு எறங்கக் கூடாது. கொதிச்சதும் சட்டியோட பெரட்டுக்கு வாங்க."

மறுநாள் பெரட்டு மணி அடித்து, பேர் கூப்பிட வேண்டிய நேரமும் தாண்டி, கடைசியில் முப்பத்தொரு பெண்கள் ஆவி பறக்கும் சட்டிகளோடு வந்தார்கள். வரிசையாக ஆபீஸ் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கங்காணி பேர் கூப்பிட்டார். "பேச்சியம்மா!" வாயில் சோற்றை வைத்துக்கொண்டே அவள் "இருக்கேன்" என்றாள். "ராசம்மா!" "இருக்கேன்." மூர்த்தி லாரியைக் கிளப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தான். பிறகு எண்ணெய் வீணாகிறதென்று அணைத்துவிட்டான்.

துரை வந்தார். கையில் கடிகாரம். கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பெண்கள் தலை தூக்கவில்லை. சுடுசோறும் நெத்திலிக் குழம்பும் அந்த இடமெல்லாம் மணத்தது. பேச்சியம்மாள் ஒவ்வொரு கவளமாக உருட்டி, உருட்டினதை நிதானமாக மென்றாள். துரையின் கடிகாரம் அவள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவசரப்படவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டிரசர் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒரு காரியம் செய்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மாதம் ஒருமுறை வரும் கம்பெனி டாக்டருக்கு, ஒன்பது பெண்கள் பத்தானதையும் நாலு கட்டை தூரத்தையும் எழுதி அனுப்பிவிட்டார். அந்தக் காகிதத்தின் நகல் துரையின் மேசையிலும் கிடந்தது. டாக்டர் வர இன்னும் நாலு நாள்தான். வார்டில் பத்துப் பேர், வாசலில் முப்பத்தொரு பேர். துரை கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

லாரி ஐந்தே முக்காலுக்குக் கிளம்பியது. கூடுதல் அறுபது மரத்தை யாரும் வெட்டவில்லை. அந்த வாரக் கடைசியில் பெரட்டு ஐந்தேகாலுக்கு மாறியது, அறுபது மரத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன மறுவாரம் டிரசர் ஸ்டானிஸ்லாஸை மெர்சிங் பக்கம் ஏதோ தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது லயத்துப் பக்கம் வந்தார். பேச்சியம்மாளைப் பார்த்து, "நான் அன்னைக்குச் சொன்னது தப்புதாம்மா" என்றார். அவள் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு நீட்டினாள். அவர் வாசப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

வெள்ளையம்மா மூன்று வாரம் கழித்து எழுந்து நடந்தாள். புஷ்பவள்ளியைச் சோற்றுக்குத் திருப்பத்தான் பேச்சியம்மாள் பெரும்பாடு பட்டாள்.

லாரியிலும் போகிறார்கள், பசியாறவும் செய்கிறார்கள். ஆனாலும் அவள் முகத்தில் கடுகடுப்பு போகவில்லை. ஒரு சாயங்காலம் காளியப்பன் கேட்டான்: "நெனச்சது நடந்திருச்சில்ல, இன்னும் என்னா புள்ள கோவம்?"

"சோறு திங்கறதுக்கு ஒருத்தி மயங்கி விழணுமாய்யா? ஒரு மனுசன் வேல மாறிப் போகணுமா? திங்கறதுக்குக்கூடச் சண்ட போட்டாத்தான் உண்டுன்னா, கோவம் எப்படிப் போகும்?"

காளியப்பன் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, மகளைச் சாப்பிடக் கூப்பிட்டான்.